மூவரில் இருவர்

மார்னி: வேணாம் சித்தப்பா. அந்தப் பேச்சை எடுக்காதீங்க.

ஆர்விட்: நான் என்னத்தைச் சொன்னேன்? பனி உருகி ரோடு சேறா கெடக்குன்னேன்.

மார்னி: ரோடுன்னா போர்டு விஷயம்.

லியோனா: வானிலைடி அது.

மார்னி: பனி உருகினது வானிலை. சேறும் வானிலை. அந்த ரோடு மட்டும் போர்டு விஷயம். இன்னும் கூட்டம் ஆரம்பிக்கல.

ஆர்விட்: வண்டியில வாயைக்கூடத் திறக்கக் கூடாதா?

மார்னி: நம்ம மாவட்டத்துக் கவுண்டி போர்டுக்கு மெம்பருங்க மூணு பேரு. அதுல ரெண்டு பேரு ஒரே பிக்கப்புல, முன்சீட்டுல, பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கீங்க. மூணுல ரெண்டு பேர் சேர்ந்து ஊர் விஷயம் பேசினாலே அது கூட்டம். கூட்டம்னா ஊருக்கு நோட்டீஸ் ஒட்டணும். நான் ஒட்டின நோட்டீஸ்ல 'சூரியன் உதிக்கும்போது'ன்னு இருக்கு. எங்க சூரியன்? காட்டுங்க பாப்போம்.

ஆர்விட்: நீ என் அண்ணன் பொண்ணா, இல்ல அரசாங்க வக்கீலா?

மார்னி: இப்ப போர்டு செகரெட்டரி. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க, அண்ணன் பொண்ணா இருக்கேன்.

லியோனா: சரி சரி, சண்டை வேணாம். வேற பேசுவோம். சேர்மன், உங்க பண்ணையில கன்னுங்க எப்படி இருக்கு?

ஆர்விட்: நல்லா இருக்குங்க. நேத்து ஒண்ணு ரெட்டை. ஆனா ராத்திரி பூரா ஓநாய்க் குட்டிங்க மாதிரி அந்தக் கொயோட்டி நரிங்க ஊளை. கவுண்டியிலேர்ந்து ஒரு ஆள் போட்டு...

மார்னி: சித்தப்பா!

ஆர்விட்: ...சரி. நரி இல்ல. கன்னு மட்டும். கன்னு நல்லா இருக்கு.

லியோனா: நான் நேத்து க்னேஃப்லா சூப் வெச்சேன். மாவு உருண்டை கொஞ்சம் கெட்டியாயிடுச்சு.

ஆர்விட்: கெட்டியா இருந்தாத்தான் எனக்குப் பிடிக்கும்.

லியோனா: அப்படியா...

ஆர்விட்: ...ம்.

மார்னி: ஏன் நிறுத்திட்டீங்க? சூப்பு போர்டு விஷயம் இல்ல. தாராளமாப் பேசலாம்.

லியோனா: பேசியாச்சு. சூப்புல இன்னும் என்ன இருக்கு?

மார்னி: டவுன்ல என்ன சொல்றாங்க தெரியுமா உங்க ரெண்டு பேரையும்? கஃபேல ஒருத்தர் நுழைஞ்சா இன்னொருத்தர் காபியைத் தூக்கிக்கிட்டுக் கவுண்டருக்குப் போயிடறாராம். அவ்ளோ பகைன்னு.

லியோனா: பகையா? சட்டம்டி!

மார்னி: சட்டம் ஊர் விஷயம் பேசக் கூடாதுன்னுதான் சொல்லுது ஆன்ட்டி. ஒரே மேசையில கேரமல் பன்னு சாப்பிடக் கூடாதுன்னு சொல்லல.

ஆர்விட்: நாங்க ரெண்டு பேரும் உக்காந்தா வேற என்னத்தப் பேசுவோம்? ஜல்லி, களைமருந்து, கோர்ட்டு கூரை... அதுலதான் வந்து நிக்கும்.

லியோனா: பேச வேற எதுவுமே இருக்காதா சேர்மன்?

ஆர்விட்: இருக்கும்... இருக்குங்க. ஆரம்பிக்கத்தான் தெரியல.

மார்னி: எல்லாத்துலயும் எதிரும் புதிருமா ஓட்டுப் போடறவங்க நீங்க. இவரு ஜல்லின்னா நீங்க மண்ணு. ஆனா போன கூட்டத்துல மட்டும் ஆச்சரியம். சித்தப்பா 'அந்த ரோட்டை விடியற்காலையில நேர்ல போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்'னு முன்மொழிஞ்சாரு. வாயை மூடறதுக்குள்ள நீங்க வழிமொழிஞ்சுட்டீங்க. என் பேனாவே தயங்கிச்சு.

லியோனா: ஒரு ரோட்டை மூடறதுன்னா கண்ணால பாக்க வேணாமா?

மார்னி: பாக்கலாம். பகல்ல பாக்கலாம். கை விறைக்கிற நேரத்துலதான் பாக்கணுமா?

ஆர்விட்: எனக்குப் பகல்ல மாடு இருக்கு.

மார்னி: மாட்டுக்கு விடியற்காலை கிடையாதாக்கும்.

ஆர்விட்: அந்தா... வந்துடுச்சு பாரு. விளிம்பு தெரியுது. ஆரம்பி.

மார்னி: வண்டியை நிறுத்துங்க முதல்ல. இதுதான் அந்த ரோடு தொடங்கற இடம். சரி. கவுண்டி போர்டின் சிறப்புக் கூட்டம். லெவாங் ரோடு, நேரடிப் பார்வை. சேர்மன் ஆர்விட் ட்வெய்ட்?

ஆர்விட்: ஆஜர்.

மார்னி: மெம்பர் லியோனா ஃபிஷர்?

லியோனா: தோள் இடிக்குது, இன்னும் ஆஜரான்னு கேக்கறா. ஆஜர்.

மார்னி: மெம்பர் டுவெய்ன்... வரல. கிளம்பற நேரத்துல போன் பண்ணினாரு. பசுவுக்குக் கன்னு தலைகீழா மாட்டிக்கிச்சாம், கையை உள்ள விட்டுக்கிட்டே பேசினாரு.

ஆர்விட்: அவன் வராம இருந்தா எப்படி? இன்னைக்கு அவன் வேணும்.

மார்னி: ரெண்டு பேரு போதும் சித்தப்... சேர்மன். கூட்டம் செல்லும். பொதுமக்கள் யாராவது வந்திருக்காங்களா? யாரும் இல்ல. மனு போட்ட கென்ட் ஹாஃப்கூட வரல. 'நான் தெனம் பாத்துச் சலிச்ச ரோடு'ன்னுட்டாரு. இப்ப கண்ணாடியை இறக்குங்க.

லியோனா: எதுக்கு? வெளிய உறைஞ்சு கெடக்கு!

மார்னி: பொதுக்கூட்டம் ஆன்ட்டி. கதவு திறந்திருக்கணும். வண்டிக்குள்ள நடத்தறதுனால கண்ணாடியாவது திறந்திருக்கணும். நாளைக்கு யாராவது 'எங்களுக்குக் கேக்கல'ன்னு கேஸ் போட்டா?

லியோனா: யாருடி போடுவா? சுத்திப் பாரு. ஒரு மரம்கூட இல்ல. நார்த் டகோட்டாக் காத்துதான் கேஸ் போடணும்.

ஆர்விட்: இறக்கிடுங்க லியோனா. அவ விடமாட்டா.

மார்னி: நன்றி சேர்மன். இப்ப விஷயம். கென்ட் ஹாஃபுக்கு இந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிலம். ரோட்டைக் கவுண்டிக் கணக்குலேர்ந்து எடுத்துட்டா, நடுவுலயும் சேர்த்து உழுது சூரியகாந்தி போடுவேங்கறாரு. ரோட்டு முடிவுல லெவாங் வீடு ஒண்ணுதான், அதுவும் காலியாக் கெடந்தது. ஆனா குளிருக்கு முன்னாடி யாரோ அதை வாங்கிட்டாங்க. பேரு சொல்லாம, பிஸ்மார்க் டவுன்லேர்ந்து ஒரு வக்கீல் மூலமா. அந்த வக்கீல் போன் பண்ணி ஒரே ஒரு கோரிக்கை வெச்சாரு. ரோட்டை மூடாதீங்க. அந்த வீட்டுக்கு வேற வழி கிடையாது.

லியோனா: நான் என் கருத்தை இப்பவே சொல்லிடறேன். மூடிடலாம்.

ஆர்விட்: இன்னும் பாக்கவே இல்லியே லியோனா.

லியோனா: பாக்க என்ன இருக்கு? மதகுக் குழாய் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஜல்லி கண்டு எத்தனை வருஷமாச்சு. பேரு சொல்லக்கூட வெக்கப்படற ஒரு பணக்காரன் வேட்டைக்கு வந்து தங்கறதுக்காக, ஸ்கூல் பஸ் போற ரோட்டு ஜல்லியை இங்க கொட்டணுமா?

ஆர்விட்: பணக்காரன்னு யாரு சொன்னா?

லியோனா: ஏழை எதுக்கு வக்கீல் வெக்கறான்?

ஆர்விட்: ஒரு வேளை... அவனுக்கு ஏதாவது காரணம் இருக்கலாம்.

லியோனா: இருந்தா வந்து சொல்லட்டும். நம்ம கதவுதான் எப்பவும் திறந்தே கெடக்கே.

மார்னி: கொஞ்சம் மெதுவா ஆன்ட்டி. எழுதிக்கிட்டிருக்கேன். 'வெக்கப்படற பணக்காரன்'... இதை அப்படியே போடட்டுமா?

லியோனா: போடு.

ஆர்விட்: போகலாம். மேட்டு வரைக்கும் ஓட்டறேன். லைட்டை அணைச்சுடறேன்.

மார்னி: லைட் எதுக்கு அணைக்கறீங்க?

ஆர்விட்: வெளிச்சம் போதும்.

லியோனா: பள்ளம்... பள்ளம்... அய்யோ! இதுக்குப் பேரு ரோடா?

ஆர்விட்: புடிச்சுக்குங்க. ஆயிடுச்சு. இதோ மேடு. இனிமே யாரும் கத்தாதீங்க. எஞ்சினை நிறுத்தறேன்.

மார்னி: ஏன் நடுவுலயே...

ஆர்விட்: ஷ்ஷ்.

லியோனா: என்ன சத்தம் அது?

மார்னி: வண்டியில ஏதாவது உடைஞ்சுடுச்சா?

லியோனா: வண்டி இல்ல. வெளியேர்ந்து வருது. தையல் மெஷின் மாதிரி... பத்துப் பேரு சேர்ந்து தைக்கிற மாதிரி.

ஆர்விட்: நேர பாருங்க. ரோட்டு நடுவுல.

லியோனா: கல்லுதான் கெடக்கு. பனி மூடின கல்லு... ஆர்விட். கல்லு நகருது.

ஆர்விட்: கல்லு இல்ல.

மார்னி: ஓ... ஓ, கடவுளே.

லியோனா: புல்வெளிக்கோழி!

ஆர்விட்: மெதுவா. கண்ணாடி திறந்திருக்கு.

லியோனா: எத்தனை... ரோட்டை நிறைச்சுக்கிட்டு நிக்குது! அது என்ன பண்ணுது? தலையைக் கீழ தொங்கவிட்டுட்டு, ரெக்கையை ரெண்டு பக்கமும் விரிச்சு, வாலை நட்டமா நிறுத்தி...

மார்னி: சாவி குடுத்த பொம்மை மாதிரி ஓடுது பாருங்க! சுத்திச் சுத்தி!

லியோனா: காலைப் பாரேன். காலே தெரியல, அவ்ளோ வேகமா மிதிக்குது. அந்தச் சத்தம் காலுலேர்ந்தா வருது?

ஆர்விட்: கால், வால் ரெண்டும். எல்லாம் சேவலுங்க. வருஷா வருஷம் ஏப்ரல்ல, விடியற நேரத்துல, இதே மேட்டுல ஆடும்.

மார்னி: நின்னுடுச்சு!

லியோனா: எல்லாமே... ஒரே நேரத்துல...

மார்னி: யாரு சொன்னா நிறுத்துன்னு?

ஆர்விட்: யாரும் சொல்லல.

லியோனா: மூச்சுகூட விடாம நிக்குதுங்க. ரெக்கை விரிச்சது விரிச்சபடி.

மார்னி: மறுபடியும்! மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு, எல்லாம் சேர்ந்து! நம்ம போர்டு ஒரு தார் ட்ரம் வாங்க ஒத்துப்போக ஒரு குளிர்காலம் ஆச்சு. இதுங்க எப்படி...

லியோனா: வாயை மூடுடி. பேசாத. கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க.

ஆர்விட்: ...

லியோனா: ...கழுத்துல ஊதா. பாத்தீங்களா ஆர்விட்? வெயில் படும்போது கழுத்துல ஊதா நிறத்துல ஒரு பை ஊதிக்கிட்டு வருது.

ஆர்விட்: கண்ணுக்கு மேல மஞ்சள் புருவம் இருக்கும், பாருங்க.

லியோனா: பாத்தேன். பாத்துட்டேன். மூச்சு ஆவியா வருது அதுங்க வாயிலேர்ந்து. அவ்ளோண்டு வாய்க்கு அவ்ளோண்டு ஆவி... எனக்கு ஏன் கண்ணுல தண்ணி வருது?

ஆர்விட்: காத்துங்க. கண்ணாடி திறந்திருக்குல்ல.

லியோனா: காத்து இல்ல.

மார்னி: ஆன்ட்டி, அங்க ஒண்ணு தனியா நடந்து வருது. ஆடல. சும்மா நடக்குது.

ஆர்விட்: அது பெட்டை.

மார்னி: இத்தனை பேரு இந்த ஆட்டம் ஆடறாங்க, அது பாட்டுக்குப் புல்லைக் கொத்திக்கிட்டுப் போகுது!

லியோனா: பாக்காத மாதிரி பாத்துக்கிட்டுதான் போகும்.

ஆர்விட்: ...அப்படீங்கறீங்க?

லியோனா: பொம்பளைக்குத் தெரியாதா?

மார்னி: அய்யோ, நிழல்! மேல பாருங்க!

ஆர்விட்: பருந்து. அசையாதீங்க.

லியோனா: எங்க போச்சு எல்லாம்? இப்பதானே இங்க... ஒண்ணுகூட இல்லியே!

ஆர்விட்: அங்கயேதான் இருக்கு. தரையோட தரையா படுத்துடுச்சு. நாம பாத்துக்கிட்டே இருக்கும்போதே மண்ணாயிடுச்சு.

லியோனா: ஒரு சத்தம் இல்ல... உலகத்துலயே சத்தம் இல்லாமப் போன மாதிரி...

மார்னி: போயிடுச்சா?

ஆர்விட்: இன்னும் இல்ல. வட்டம் போடுது.

லியோனா: போ... போயிடு. போயிடேன்...

ஆர்விட்: போகுது. தெற்கால போகுது. இப்ப பாருங்க. முதல்ல ஒண்ணு எழுந்துக்கும்.

லியோனா: அதோ! அதோ ஒண்ணு... அந்த வால்... ஆர்விட், ஆடுது! உயிர் போயி உயிர் வந்த அடுத்த நிமிஷம் ஆடுது!

மார்னி: ம்ம்... மெம்பர் லியோனா சேர்மனோட கோட்டுக் கையை ரெண்டு கையாலயும் புடிச்சிருக்காங்க. இதைக் கூட்டக் குறிப்புல எழுதணுமா?

லியோனா: ஏய்! பருந்துடி. பயத்துல.

மார்னி: பருந்து போயாச்சு ஆன்ட்டி.

ஆர்விட்: எனக்கு ஆட்சேபணை இல்ல.

மார்னி: என்னது?

ஆர்விட்: கோட்டு பழைய கோட்டுதானேன்னு சொன்னேன்.

லியோனா: இதுக்குத்தான் விடியற்காலைன்னீங்களா?

ஆர்விட்: ...களைமருந்துப் பேச்சு நடந்தப்ப, போன வருஷம், நீங்கதான் சொன்னீங்க. இந்த ஊர்லயே பொறந்தேன், இதை ஒரு தடவைகூடப் பாத்ததில்லேன்னு. டவுன்லயே வளர்ந்ததுனால.

லியோனா: அது ஞாபகம் இருக்கா?

ஆர்விட்: அன்னைக்கு மருந்துக்கு எதிரா ஓட்டுப் போட்டீங்க. நான் தோத்தேன். அதெல்லாம் ஞாபகம் இல்லாம போகுமா?

மார்னி: ஒரு நிமிஷம். சித்தப்பா, அப்ப இது பறவை பாக்க வந்ததா? பொதுக்கூட்டம்னு நோட்டீஸ் அடிச்சு, பேப்பர்ல போட்டு, கோர்ட்டு வாசல்ல ஒட்டி...

ஆர்விட்: ரோட்டையும் பாக்கறோம்ல.

மார்னி: ரோடு எங்க தெரியுது? கோழிதான் தெரியுது.

லியோனா: ரோட்டுமேல ஆடுதுங்க பாவம்.

ஆர்விட்: இல்லீங்க. நம்ம தாத்தாமாருங்க நார்வேலேர்ந்தும் ரஷ்யாவிலேர்ந்தும் கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே இதுங்க இந்த மேட்டுலதான் ஆடியிருக்கும். அவங்களுக்கு முன்னாடி இருந்த லக்கோட்டா பழங்குடிக்காரங்க இதைப் பாத்து ஆடக் கத்துக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. நாமதான் பின்னால வந்து இதுங்க ஆட்டக்களத்துமேல ஒரு ரோட்டைப் போட்டு, அதுக்குப் பேரும் வெச்சோம்.

லியோனா: அப்ப யாரு யாருக்கு மனு போடணும்?

ஆர்விட்: அதேதான் நானும் நினைச்சேன்.

லியோனா: என் வீட்டுக்காரர் ஜீன் தவறினப்பறம், சர்ச்சுலகூட எனக்கு இப்படி நெஞ்சு நிறைஞ்சதில்ல. பாட்டு பாடுவேன், மண்டியிடுவேன், ஒண்ணும் வராது. இங்க வந்து, ஒரு பழைய பிக்கப்புல உக்காந்து... சே.

ஆர்விட்: காபி ஊத்தட்டுமா?

லியோனா: ஊத்துங்க. பாதி போதும்.

மார்னி: எனக்கும். இந்தச் செகரெட்டரியும் மனுஷிதான். ...நான் எதுவுமே எழுதல. பருந்து வந்ததுலேர்ந்து பேனாவையே தொடல. 'கூட்டம் சிறிது நேரம் அமைதியாக இருந்தது'ன்னு போட்டுக்கவா?

லியோனா: அப்படியே போடு. இந்த போர்டு சரித்திரத்துலயே முதல் தடவை.

ஆர்விட்: சரி. வேலையையும் பாப்போம். லியோனா, ரோட்டை மூடணும்னீங்க.

லியோனா: மூடினா, கென்ட் இந்த மேட்டை உழுதுடுவான்.

மார்னி: உழுதுடுவாரு. மனுவிலயே சொல்லியிருக்காரு.

லியோனா: அப்ப நான் எப்படி மூடச் சொல்லுவேன்? வாய் வருமா? ஆனா மூடலேன்னாலும் தொல்லைதான். அந்த வீட்டை வாங்கின மகராசன் தெனம் காலையில வண்டியைக் கிளப்பிக்கிட்டு இதுங்க நடுவுல பாஞ்சா?

ஆர்விட்: பாய மாட்டான்.

லியோனா: எப்படிச் சொல்றீங்க?

ஆர்விட்: இதுங்க ஆடி முடிச்சுப் பறக்கற வரைக்கும் அவன் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான். ஜல்லியும் கேக்க மாட்டான். மதகைக்கூட அவனே போட்டுக்குவான். ரோடுன்னு ஒண்ணு இருந்தாப் போதும்.

மார்னி: வக்கீல் இதெல்லாம் சொல்லலியே.

ஆர்விட்: சமையலறை ஜன்னல்லேர்ந்து பாத்தாலே இந்த மேடு பூரா தெரியும். இதை விட்டுட்டு எவனாவது வண்டியை எடுப்பானா?

லியோனா: எந்தச் சமையலறை ஜன்னல்?

ஆர்விட்: லெவாங் வீட்டுச் சமையலறை.

லியோனா: சின்ன வயசுல அந்த வீட்டுக்கு நான் லெஃப்ஸா ரொட்டி தேய்க்கப் போயிருக்கேன் ஆர்விட். அந்தச் சமையலறைக்கு இந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது. வெறும் சுவரு.

ஆர்விட்: இப்ப இருக்கு.

மார்னி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆர்விட்: ஓட்டுக்கு விடு மார்னி.

மார்னி: விடறேன். ஆனா ஓட்டுக்கு முன்னாடி கேக்கவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, உங்களுக்கே தெரியும். இந்த ரோட்டுல உங்களுக்குச் சொந்த சம்பந்தம் ஏதாவது இருக்கா, சேர்மன்?

ஆர்விட்: ...இருக்கு.

லியோனா: என்ன?

ஆர்விட்: அந்த வெக்கப்படற பணக்காரன் நான்தான். பணக்காரன்கறது மட்டும் தப்பு.

மார்னி: நீங்களா! அப்பாவுக்குத் தெரியுமா?

ஆர்விட்: யாருக்கும் தெரியாது. உங்கப்பாகிட்ட சொன்னா மறுநாள் காலையில கஃபே பூரா பரப்பிடுவான். டுவெய்ன் வந்திருந்தா நான் முதல்லயே சொல்லிட்டு ஒதுங்கியிருப்பேன். அவனும் லியோனாவும் முடிவு பண்ணியிருப்பாங்க. எழுந்து போயி புல்லுல நின்னுருப்பேன். அவன் பசு என் கழுத்தை அறுத்துடுச்சு.

லியோனா: குளிர்காலம் பூரா ஒரு வார்த்தை சொல்லல நீங்க.

ஆர்விட்: எப்படிச் சொல்றது? இந்த ரோடு மனுவுல வந்துடுச்சு. உங்ககிட்ட வீட்டைப் பத்திப் பேசினா ரோட்டைப் பத்திப் பேசின மாதிரி. மூணுல ரெண்டு பேரு. சட்டம்.

மார்னி: சித்தப்பா, ஒண்ணு கேக்கவா? எங்க பண்ணையில உங்க ட்ரெய்லர் வீடு நல்லாத்தானே இருக்கு. தனிக்கட்டை. அந்த ரெண்டு மாடி வீடு எதுக்கு உங்களுக்கு? சுவரை இடிச்சு ஜன்னல் வேற?

ஆர்விட்: இது குறிப்புல வருமா?

மார்னி: பொதுக்கூட்டம். சம்பந்தம் என்னன்னு முழுசாச் சொல்லணும்.

ஆர்விட்: அப்ப எழுது. ஒரு ட்ரெய்லருக்கு வான்னு ஒரு பொம்பளையை எப்படிக் கூப்பிடறது? அதான் வாங்கினேன். கூப்பிட நினைச்சவங்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்குமான்னு தெரியல. பிடிச்சா அவங்க தெனம் காலையில காபி போட்டுக்கிட்டே பாக்கணும்னு ஜன்னல் வெச்சேன்.

மார்னி: யாருன்னு...

ஆர்விட்: நீ புத்திசாலின்னு உங்கப்பன் சொல்லிக்கிட்டுத் திரியறான்.

மார்னி: ...ஓ. ஓ! ஆன்ட்டி, உங்க காபி கொட்டுது.

லியோனா: கொட்டட்டும்.

ஆர்விட்: பதில் இப்ப சொல்ல வேணாம் லியோனா. கூட்டத்துல வெச்சு மாட்டிவிட்ட மாதிரி ஆயிடுச்சு. மார்னி, சேர்மன் ஓட்டுலேர்ந்து விலகறாருன்னு போடு. மெம்பர் லியோனா அவங்க மனசுப்படி...

மார்னி: ஒருத்தர் ஓட்டு செல்லாது சித்தப்பா. டுவெய்ன் வர்ற அடுத்த கூட்டத்துல அவரும் ஆன்ட்டியும் ஓட்டுப் போட்டாத்தான். அதுவரைக்கும் தள்ளி வெக்கறேன்.

லியோனா: வெக்காத. அந்தக் கேள்வியை என்கிட்டயும் கேளு.

மார்னி: உங்களுக்கு அவசியமில்ல ஆன்ட்டி.

லியோனா: சட்டம்னா சட்டம்டி. கேளு.

மார்னி: மெம்பர் லியோனா ஃபிஷர், இந்த ரோட்டுல உங்களுக்குச் சொந்த சம்பந்தம் ஏதாவது இருக்கா?

லியோனா: இருக்கு.

ஆர்விட்: லியோனா...

லியோனா: நீங்க சும்மா இருங்க. ஒரு கேள்வி கேக்கத் தெரியாம ஒரு கவுண்டியையே கூட்டின மனுஷன்! மார்னி, நானும் ஓட்டுலேர்ந்து விலகறேன். அடுத்த கூட்டத்துலயும்தான்.

மார்னி: அப்படின்னா மூணுல ரெண்டு பேரு விலகியாச்சு. தீர்மானமே போட முடியாது. தேர்தல் முடிஞ்சு புது மெம்பர் வர்ற வரைக்கும் ரோடு இப்படியே கெடக்கும்.

லியோனா: கெடக்கட்டும். ஆடறதுங்க ஆடட்டும்.

மார்னி: ஆனா அதெப்படி ஆன்ட்டி? சித்தப்பா இப்பதான் கேட்டாரு. இவ்ளோ நேரம் உங்களுக்கு இந்த ரோட்டுல என்ன சம்பந்தம்? உங்க காரணம்னு நான் என்ன எழுதட்டும்... சித்தி?

லியோனா: நேத்து சாயங்காலம் தேர்தல் மனுவுக்குக் கடைசி நேரம். ஆபீஸ் மூடற வரைக்கும் எனக்காக வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியாமே. என் சீட்டுக்கு மறுபடி நிக்க நான் மனு போட வரவே இல்ல. ஏன்னு நீ கேக்கல, நானும் சொல்லல. இந்த மனுஷன் என்னைக்காவது கேப்பாருன்னு காத்திருந்து அலுத்துப் போயி, நானே கேட்டுடறதுன்னு முடிவு பண்ணினேன். மூணுல ரெண்டு பேரு ஒரே வீட்டுல இருந்தா வாயைத் திறக்க முடியுமா? அதுக்கு முன்னாடி அந்த நாற்காலியை விட்டாகணுமே, விட்டுட்டேன். வீடு வாங்கினது எனக்குத் தெரியாதுடி. நான் அந்த ட்ரெய்லருக்குத்தான் வர்றதா இருந்தேன்.